மூத்தவர் கைராசி

"அங்கேயே நில்லு! உள்ள காலெடுத்து வெச்சே, நடக்கிறதே வேற!"

வேலை முடிந்து வந்த சின்ன மருமகளை வாசலிலேயே மறித்தார், அவள் கணவனின் அண்ணன். பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. அந்த வேலை என்றாலே மூத்தவருக்கு ஆகாது.

இன்று காரணமும் கிடைத்துவிட்டது. கொட்டகையில் அவர் வளர்த்த பட்டுப்புழுக்கள், கூடு கட்டப் போகிற சமயத்தில், தட்டுத் தட்டாகக் கறுத்துச் செத்துக் கிடந்தன.

"சாக்கடைக் கிருமியைத் துணியில ஒட்டிக்கிட்டு வந்து என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!"

"நான் கொட்டகைப் பக்கமே வர்றதில்லையே மாமா!"

"வாயை மூடு! சாக்கடைக் கசடுல புழுவைக் கொல்ற கிருமி இருக்கு, மருந்து பண்றோம்னு பீத்திக்கிட்டது யாரு? பையில வெச்ச மருந்து பாட்டிலையே தொலைச்சிட்டு முழிச்சவ, கிருமியையா கட்டிக் காப்பாத்தப் போறே? நாளைக்கே வேலையை விடு. இல்லேன்னா புருஷனோட வெளியே நட!"

புருஷன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் முன்னால் அவன் வாய் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. அவளுக்குக் கண்ணீர் முட்டியது. ராப்பகலாகப் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை, இந்த மனுஷன் ஒரே வாயில் ஊதிவிடப் பார்க்கிறாரே!

மூத்தவர் விடுவதாயில்லை. "எனக்குத் தெரியாத வைத்தியமா? தோட்டத்துல போய்ப் பாரு. பட்டுப்புழுவுக்குப் போடுற மல்பெரி இலையை அரிச்ச கம்பளிப்புழு ஒண்ணாவது மிச்சம் இருக்கா? எல்லாம் என் கைராசி! உன் சாக்கடைத் தண்ணி யாருக்கு வேணும்?"

மீசையை வேறு தடவிக்கொண்டார், பெரிய விஞ்ஞானி.

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து அவர் மனைவி வந்தாள். கையில் ஒரு காலி பாட்டில்.

"ஏங்க, இலைக்கு அடிச்சீங்களே, அந்த மருந்து தீர்ந்துபோச்சு. பாட்டிலைத் தூக்கிப் போட்டுடவா?"

பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் சின்னவளின் கையெழுத்து. மூத்தவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அது... அது கெட்ட புழுவைத்தானே கொல்லும்?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க புழு நல்ல புழுன்னு அதுக்கு யாரு மாமா சொன்னது?"