சண்டைக்கு வராத ரோடியோன்

"இன்னைக்கு அந்த ரோடியோனை அடிச்சு விழ வைக்கிறே. இல்லேன்னா நாளைக்குப் பையைத் தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடு, லுக்யான்."

பயிற்சியாளர் அர்கிப் ஸ்தெபானோவிச் எலுமிச்சைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். உமான் அணியின் உடை மாற்றும் அறையில் யாரும் தலை நிமிரவில்லை. எல்லோருக்கும் திடீரென்று ஸ்கேட்ஸ் கயிறு கட்டும் வேலை வந்துவிட்டது.

லுக்யானுக்கு முப்பத்து நான்கு வயது. கடைசியாகக் கோல் அடித்தது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அணியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்றால், அது அவன் கைகளின் புண்ணியம். எதிரணி முரடன் யாராவது சின்னப் பையன்களை இடித்துத் தள்ளினால், போய் நியாயம் கேட்பது லுக்யான்தான். ஐஸ் ஹாக்கியில் அதுவும் ஒரு உத்தியோகம். அதுவும் போய்விட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நல்லவேளையாக, ரோடியோன் வம்புக்கு அலைகிற ஆள். லூட்ஸ்க் அணியின் முரடன், லுக்யானைவிட ஆறு வயது இளையவன். இந்த ஒரு குளிர்காலத்திலேயே இருவரும் மூன்று முறை மோதியாகிவிட்டது. போன தடவை லுக்யானின் புருவத்தில் ஏழு தையல். ஆகவே கேட்டால் போதும், வந்துவிடுவான். கேட்காமல் கை வைப்பது முரடர்களுக்குள் கௌரவக் குறைச்சல்.

ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளும் வலம் வந்தபோது லுக்யான் நடுக்கோட்டருகே அவனைப் பிடித்தான்.

"என்ன தம்பி, ஆரம்பத்துலயே வச்சுக்கலாமா?"

"இன்னைக்கு வேண்டாம் அண்ணே. தோள் பிடிச்சிருக்கு."

தோள் பிடித்தவன் அடுத்த நிமிடமே பக் என்ற ரப்பர் வில்லையை மட்டையால் அறைந்த அறையில் பலகைச் சுவர் அதிர்ந்தது. லுக்யானுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆட்டம் தொடங்கி பத்து நிமிடம் போனதும் மறுபடி பக்கத்தில் போய் நின்றான்.

"இப்போ?"

"புதுசாப் பல் கட்டியிருக்கேன் அண்ணே. டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு."

"எங்கே, காட்டு."

ரோடியோன் இளித்தான். முன்பல் நான்கு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"என்னடா, என்னைப் பார்த்தா கேனையனாத் தெரியுதா?"

"சத்தியமா அண்ணே, நீங்க என்ன சொன்னாலும் இன்னைக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு அவன் ஏனோ உமான் அணியின் பெஞ்சு பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

பெஞ்சிலிருந்து அர்கிப் ஸ்தெபானோவிச் கத்தினார். "லுக்யான், கை ரெண்டையும் வாடகைக்கு விட்டுட்டியா?"

மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாவதும் போயிற்று. லுக்யான் இடித்துப் பார்த்தான், மட்டையால் தட்டிப் பார்த்தான், அவன் அம்மாவைத் தவிர மற்ற எல்லாச் சொந்தத்தையும் இழுத்துப் பார்த்தான். ரோடியோன் மழையில் நிற்கும் மாடு மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான்.

"உங்க கிளப்பை மார்ச் மாசத்தோட இழுத்து மூடப் போறாங்களாமே? அதான் பயந்து நடுங்குறியா?"

ரோடியோனின் சிரிப்பு சட்டென்று நின்றது. அடிப்பான் என்று லுக்யான் ஆசையோடு காத்திருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போய்விட்டான். இவனுக்கு என்னதான் ஆயிற்று?

கடைசிப் பகுதியில் ஆறு நிமிடம் பாக்கி. ஓரமாக இருவரும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றபோது, லுக்யான் மானத்தை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"தம்பி, இன்னைக்கு நான் உன்னை விழ வைக்கலேன்னா என் கதை முடிஞ்சுதுடா. நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்க."

ரோடியோன் அவனை உற்றுப் பார்த்தான். "அப்படியா சொன்னாரு உங்க கோச்சு?"

"ஆமா."

ஒரு பெருமூச்சு. பிறகு ரோடியோன் கையுறை இரண்டையும் உதறிக் கீழே போட்டான்.

அரங்கம் எழுந்து நின்றது. லுக்யான் சட்டையைப் பிடித்து வலது கையை வீசினான். ஐஸில் கால் வழுக்க, குத்து காது ஓரமாக உரசிக்கொண்டு போயிற்று. ரோடியோன் வேரோடு சாய்ந்த மரம் போல மல்லாந்து விழுந்தான்.

சண்டை போட்டதற்காக நடுவர் இருவரையும் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினார். கூட்டம் லுக்யான் பெயரைச் சொல்லிக் கூவியது. அர்கிப் ஸ்தெபானோவிச் மட்டும் கைதட்டவில்லை. கசப்பு மருந்து குடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கேட்டது கிடைத்த பிறகும் இந்த மனிதருக்கு என்ன குறை?

லுக்யான் தன் அறைக்குப் போகவில்லை. குழப்பம் தாங்காமல் நேராக எதிரணியின் அறைக்குப் போனான். ரோடியோன் தனியாக உட்கார்ந்து ஸ்கேட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தக் குத்துக்கு ஒரு கோழிக்குஞ்சுகூட விழாது. நீ ஏண்டா விழுந்தே?"

"விடுங்க அண்ணே. உங்க வேலை தப்பிச்சுதுல்ல?"

"உண்மையைச் சொல்லு. ஆரம்பத்துலேருந்து ஏன் என்கிட்ட சண்டைக்கு வராம ஓடினே?"

ரோடியோன் கயிற்றை நிதானமாகச் சுருட்டினான்.

"நேத்து உங்க கோச்சு எனக்குப் போன் பண்ணாரு அண்ணே. இன்னைக்கு உங்களை அடிச்சு விழ வச்சா, அடுத்த சீசன்ல உங்க இடம் எனக்குத்தான்னு சொன்னாரு."