பட்டு மாட்டாத குறடு

நான்காவது குறட்டையும் அபிதகுசாம்பாள் தள்ளி வைத்தாள்.

ராஜவேலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆரணி கடைத்தெருவில் அவன் இரும்புக்கடைக்கு வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கவரிங் கம்மலும் மணிமாலையும் செய்யக் கற்றுக்கொடுக்கிற இந்த அம்மாளா அந்தப் பெயரைக் கெடுப்பது?

இத்தனைக்கும் அவள் கேட்டது மூன்றே சாமான். கம்பியை வளைக்க ஒரு குறடு, நறுக்க ஒரு கட்டர், முனையைத் தேய்க்க ஒரு சின்ன அரம். புதிதாகக் கற்க வரும் ஒரு பெண்ணுக்காம். அந்தப் பெண் இதைப் பற்றி இன்னும் புருஷனிடம் வாயே திறக்கவில்லையாம். நல்ல சாமானாகக் கையில் வந்துவிட்டால் சொல்லத் தைரியம் வரும் என்று நினைக்கிறாளாம்.

அபிதகுசாம்பாள் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். இடுப்பில் செருகியிருந்த பட்டு இழையைக் குறட்டின் வாயில் கொடுத்து, லேசாகக் கவ்வி இழுப்பாள். இழையில் பிசிர் கிளம்பினால் அந்தக் குறடு தீர்ந்தது.

"பட்டைக் கடிக்கறது கம்பியையும் கடிக்கும் தம்பி. கம்மல் பூரா பல்லு பதிஞ்சிடும்."

ராஜவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினான். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்களுக்கென்று வரவழைத்து, விலைபோகாமல் கிடந்த ஒரு பெட்டி இருந்தது. நான்கு தும்மல் போட்டு, உள்ளேயிருந்து உருண்டை மூக்குக் குறடு ஒன்றை எடுத்தான். வாயில் பல்லே இல்லை.

பட்டு வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்போதும் அவள் விடவில்லை. தன் கை பெரிதாம், கற்கப்போகிறவளின் கை சின்னதாம்.

ராஜவேலுவா சளைப்பான்? மூலையில் உட்கார்ந்து ஆணிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

"குணசுந்தரி! ஜல்தியா வா. உன் கையைக் கொஞ்சம் குடு."

குணசுந்தரி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குறட்டை வாங்கித் திறந்து மூடினாள், மறுபடி திறந்து மூடினாள். விரல் எட்டுகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

அதன்பிறகு ராஜவேலுவைப் பிடிக்க முடியவில்லை. முதல் கட்டரைப் பாரம் என்று அவனே பிடுங்கிப் போட்டான். இரண்டாவதின் ஸ்பிரிங் முரடு, மணிக்கட்டு வலிக்கும் என்று அதையும் போட்டான். மூன்றாவது குணசுந்தரியின் கையில் அப்படியே உட்கார்ந்தது. அரத்தைத் தன் நகத்தில் தேய்த்துப் பார்த்தே கொடுத்தான். மூன்றையும் பழைய தினசரித் தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டும்போது அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இவ்ளோ நல்ல சாமானைப் பாத்தும் வேணாம்னு சொல்லுவானா அவ புருஷன்? யாருக்கா அந்த ஆளு? நீங்க கவலையே படாதீங்க. நானே பேசறேன்!"

அபிதகுசாம்பாள் காசைக் கல்லாவில் வைத்தாள். பொட்டலத்தை மட்டும் தன் பையில் போடவில்லை. குணசுந்தரியின் கையில் வைத்து, நாளைக்குப் பத்து மணி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ராஜவேலு மிச்சச் சணலைக் கையில் பிடித்தபடி நின்றான்.

குணசுந்தரி பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். உதட்டோரம் துடித்த சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏங்க, அந்த ஆளுகிட்ட எப்போ பேசப் போறீங்க?"