ஒரே கூலி

“கருங்காலி! சொந்தக்காரனே இப்படிப் பண்ணினா, மத்தவனை என்னன்னு கேக்கறது?”

தாடிக்காரர் மேஜையில் ஓங்கி அறைந்ததில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த அந்த அறையில், அவரோடு சேர்த்து ஆறு பேர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே, சுவரோரமாக, அவருடைய தங்கை கணவன் தலைகுனிந்து நின்றிருந்தான்.

“கூலி விஷயத்துல எல்லாரும் ஒரே பேச்சுன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணினோமா, இல்லையா?”

“பண்ணினோம் மச்சான்.”

“அப்புறம் எதுக்குத் தனியாப் பேசி முடிச்சே? மாப்பிள்ளைன்னு மரியாதை குடுத்தா, தலையில ஏறி உக்காருவியா?”

“ஓட்டல் துணியெல்லாம் மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. இஸ்திரி மேடையில ஒரு ஆள் இல்ல. பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியல மச்சான்.”

“அடடா, என்ன ஒரு இளகின மனசு!” அறுவரில் ஒல்லியான ஒருவர் பழித்துக் காட்டினார். “எங்க வீட்டுல மட்டும் செலவே இல்லையா? எங்க புள்ளைங்க என்ன, காத்தைக் குடிச்சா வளருதுங்க?”

“வேலை நின்னா என் பொழப்பே போயிடும்ணே...”

“போகட்டுமே! நீ ஒருத்தன் வளைஞ்சு குடுத்ததுல இப்ப எல்லார் கழுத்துலயும் கத்தி. காலையில என்கிட்ட வந்து, உன்னைக் காட்டித்தான் நியாயம் பேசறாங்க!”

தாடிக்காரர் கிட்டே வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

“நம்மகிட்ட இருக்கற ஒரே பலம் ஒத்துமை. அதையே வித்துட்டு வந்து நிக்கறே. இப்பவே மாத்திச் சொல்லு. இல்லேன்னா என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு தலைமுழுகிடுவேன்.”

அவன் சட்டையைச் சரி செய்துகொண்டு போனை எடுத்தான்.

“சூப்பர்வைசரா? ஆளை இழுக்க ஏத்திக் குடுத்தோமே அந்தக் கூலி, அது நாளையிலேர்ந்து கிடையாது. பழைய கூலிதான்... கத்தினா கத்தட்டும்யா. பிடிக்கலைன்னா வேற சலவைக் கம்பெனி பார்த்துக்கச் சொல்லு.”

அந்த வேறு சலவைக் கம்பெனிகளின் முதலாளிகள் ஆறு பேரும் சூழ்ந்துகொண்டு, அவனை ஆசையோடு கட்டிக்கொண்டார்கள்.