யார் தலையில் சத்தியம்?

திண்டிவனத்தில் கள் குடிப்பதை நிறுத்த நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிற சங்கம் அது.

"உயிருக்கு உயிரானவங்க பேர்ல சத்தியம் பண்ணுங்க" என்றார் தலைவர்.

சீனுவாசன் எல்லார் முன்னாலும் மனைவி கிருஷ்ணவேணியின் தலையில் கை வைத்தான்.

அடுத்து எழுந்த தாண்டவராயன், பக்கத்தில் நின்ற மனைவி அம்சாவைப் பார்க்காமலே, "பொன்னி மேல சத்தியம். இனிமே குடிக்க மாட்டேன்" என்றான்.

இரண்டு ஜோடியும் ஏறிய விழுப்புரம் ரயில் கிளம்பியதும் அம்சா வெடித்தாள்.

"நான் மரமாட்டம் நின்னுக்கினு இருக்கேன், அவ பேரைச் சொல்றியே! மூத்தவதான் உனக்கு ஒசத்தியாய்யா?"

"மூணு வருசம் முன்னாடி அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். எட்டே நாள்ல குடிச்சுட்டேன்."

"அதுக்கு?"

"மறுநாளே வாந்திபேதியில போய்ட்டா. செத்தவளுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது. எனக்கு எம்மேலயே நம்பிக்கை இல்ல. உன் தலையில எப்படி அம்சா கை வெக்கிறது?"



விக்கிரவாண்டியில் வண்டி நின்றது. "ஜல்தியா வந்துர்றேன்" என்று இறங்கிய சீனுவாசன், ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கள்ளுக்கடைக்குள் நுழைவது ஜன்னல் வழியே அம்சாவுக்குத் தெரிந்தது.

எதிர்ப்பலகையில் கிருஷ்ணவேணி, அவன் கை பட்டுக் கசங்கிய பூவை, அம்சா பார்க்க வேண்டுமென்றே பெருமையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.