நேற்றைய தாள்

மூடியில் ஐந்து மில்லி ஊற்றிய பிறகுதான் அவன் காலண்டரைப் பார்த்தான்.

புதுத் தேதி. ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.



இரண்டு நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்த நேரத்தையெல்லாம் மனைவி அன்றன்றைய காலண்டர் தாளின் ஓரத்தில்தான் எழுதிவருகிறாள். இன்று விடிகாலை மில் வேன் ஏறுவதற்கு முன் கொடுத்திருந்தால், அதையும் அங்கேதான் எழுதியிருப்பாள். அப்போது தொங்கிக்கொண்டிருந்தது நேற்றைய தாள்.

ஆறேகாலுக்கு அதை அவன் கிழித்துவிட்டான்.

பல் துலக்கும் முன் தேதி கிழிப்பான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் இந்த வீட்டில் அவன் ஒருநாளும் தவறாமல் செய்த வேலை அது ஒன்றுதான். கிழித்ததும் புதுத் தாளில் தன் ராசியைப் பார்ப்பான்.

இன்று 'நிதானம்' என்று போட்டிருந்தது.

போட்டவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கட்டிலில் ஆதிரை முனகினாள். நாலு வயது. நெற்றியில் தோசை வார்க்கலாம். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது.

மணி ஏழேமுக்கால்.

சீட்டு எழுதும்போதே டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேரமாவது இருக்கணும். சூடு குறையலையேன்னு இன்னொரு மூடி ஊத்திடாதீங்க. காய்ச்சல் எப்படியும் போயிடும். ஈரல் போனா திரும்பி வராது."

அவள் கொடுத்திருந்தால், கையிலிருப்பது இரண்டாவது மூடி.

கொடுக்காமல் ஓடியிருந்தால், குழந்தை விடிந்ததிலிருந்து சும்மா வெந்துகொண்டிருக்கிறது.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பாதி இருந்தது. நேற்று எவ்வளவு இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அது ஒரு தகவல்.

அலமாரியில் போன மாதம் வாங்கிய இன்னொரு பாட்டில் நின்றது. அதைக் கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. லேபிளைப் படித்தான். பேர்தான் வேறு. உள்ளே இதே மருந்துதான்.

மனைவிக்குப் போன் போட்டான். மில்லில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்து மணி டீக்குத்தான் கொடுப்பார்கள். தெரியும். இருந்தாலும் போட்டான்.

எங்கோ ஒரு பெட்டிக்குள் அது அடித்து ஓய்ந்தது.

"ஆதிக்குட்டி, அம்மா காலைல மருந்து குடுத்தாளா?"

"ம்."

"குடுக்கலையா?"

"ம்."

"யானை குடுத்துச்சா?"

"ம்ம்."

சாட்சி திரும்பிப் படுத்துக்கொண்டது.

தாளைத் தேடினான். சட்டைப்பையில் இல்லை. குப்பைக்கூடையில் இல்லை. அடுப்படி மேடையில் இல்லை. மூடியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஐந்து மில்லியும் சிந்தாமல் வீடு முழுக்க நடந்தான், தீச்சட்டி எடுத்தவன் மாதிரி.

இரண்டு நாளாகத் தூங்காத மண்டைக்குள் எதுவும் நிற்கவில்லை. ஆறேகாலுக்குக் கிழித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு என்ன, தினமும் செய்வதுதான்.

மெல்லக் கட்டிலருகே வந்தான்.

ஆதிரையின் இடது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் ஒரு காகித முனை.

கப்பல்.

கிழித்த தாளில் அவளுக்குக் கப்பல் செய்து கொடுக்காமல் அவனுக்குப் பொழுது விடிவதில்லை. இன்றும் தூக்கக் கலக்கத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே, கை தன்பாட்டுக்கு மடித்திருக்கிறது.

மூடியை ஸ்டூல்மேல் வைத்தான். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். ஒவ்வொன்றும் கொதித்தது.

வியர்வையில் ஊறிய கப்பலைக் கிழியாமல் பிரித்தான். உள்மடிப்பில், பால்பாயிண்ட் பேனாவில், அவசரக் கையெழுத்து.

*5.35 – 5 மில்லி. 11.35க்கு முன்னாடி வேண்டாம்.*

அதற்குக் கீழே, இன்னும் பொடியாக:

*பிரிச்சுப் பாத்தீங்கன்னா மறுபடி மடிச்சு அவ கையிலயே வெச்சிடுங்க. முழிச்சா தேடுவா.*

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சற்றுக் கழித்து எழுந்துபோய் மூடியிலிருந்ததைத் தொட்டியில் கொட்டினான். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து குழந்தையின் கழுத்தையும் அக்குளையும் துடைத்தான். இரண்டு வாய் தண்ணீர் குடிக்கவைத்தான்.

பிறகு கப்பலை மடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மடிக்கிற கப்பல், கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு மடிக்க மூன்று தடவை ஆனது.

உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

காலண்டர் ஆணியில் பேனா நூல்கட்டித் தொங்கியது. அவள் கட்டியது. இரண்டு நாளில் அவன் அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

வெள்ளை ஓரத்தில் எழுதினான்.

*7.55 – குடுக்கல.*