அந்தம்மா வேணாங்க!

“அந்தம்மாவா? ஐயையோ, வேணவே வேணாங்க!”

மலைமேலிருக்கும் புதூர்நாட்டுப் புளியமரத்தடியில் கூடியிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சக்கரவர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. டி.ஐ.ஜி. ரேணுகாதேவியை வடக்கு மண்டல ஐ.ஜி. ஆக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவில் ஒருவர். மற்றவர்கள் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘சரி’ என்றுவிட்டார்கள். இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“ஃபைல் என்ன சார் சொல்லும்? அந்தம்மா அடிக்கடி போற மலைக்கே போய் ஜனங்களைக் கேட்கறேன். அவங்க வேண்டாம்னா நானும் வேண்டாம்னுதான் சொல்வேன்!” என்று வீறாப்பாகக் கிளம்பி வந்தார். வந்த இடத்தில் இப்படி.

“ஏன் வேண்டாம்?”

சாந்தம்மாள் முந்திக்கொண்டாள். “என் பொண்ணுக்குப் பதினாறு வயசுல கண்ணாலம் வெச்சோங்க. பந்தல் போட்டாச்சி. இந்தம்மா வந்து குந்திச்சி, சாமைச் சோறு வாங்கித் தின்னுச்சி. தின்னுட்டு, பொண்ண ஜீப்புல ஏத்தினு போய் ஹாஸ்டல்ல சேத்துட்டுச்சி! பந்தல் காலியா நின்னுச்சிங்க.”

“அது சட்டம்மா.”

“சட்டமோ கிட்டமோ! எங்க மானம் போச்சா இல்லியா?”

அடுத்து சின்னக்குழந்தை எழுந்தார். பேர்தான் குழந்தை, தலையெல்லாம் நரை.

“முன்னல்லாம் டேசனுக்குப் போனா வாசல்லயே நின்னுட்டு வந்துருவோங்க. இப்ப, மலைக்காரன் வந்தா மொதல்ல நாற்காலி போடணும்னு இந்தம்மா ஆர்டரு. குந்த வெச்சி இன்னா கொறைன்னு கேக்கறாங்க. பழக்கமில்லாத ஒடம்பு, இடுப்பு புடிச்சிக்குது.”

இதெல்லாம் ஒரு புகாரா என்று சக்கரவர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு ஆள் தட்டு நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து நீட்டினான். மலைப்பலா, தேன்தான். இரண்டு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்து எழுந்த வேடியப்பனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“என் மவன் விசயங்க. வெளியூரு காட்டுல மரம் வெட்டற வேலை, நல்ல கூலின்னு புரோக்கரு கூப்ட்டான். மவனும் பஸ்ஸு ஏறிட்டான். இந்தம்மா ரோட்டுல பஸ்ஸ மறிச்சி, நாலு பேரு பாக்க, சட்டையப் புடிச்சி எறக்கிட்டுச்சி. வரவேண்டிய கூலி போச்சி. மறுநாள் வரைக்கும் அவன் சோறு தின்னலீங்க.”

சக்கரவர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிழைக்கப் போகிறவன் சட்டையைப் பிடிப்பதா? இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு மண்டலத்தையே தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்?

“போதும். வேண்டாம்னே எழுதிடறேன். அந்தம்மா இருக்கிற பதவியிலயே இருக்கட்டும்.”

அவ்வளவுதான்! கைதட்டல் மரத்திலிருந்த காக்காயை எல்லாம் கிளப்பிவிட்டது. பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். சாந்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன வெறுப்பு பாரேன், என்று நினைத்துக்கொண்டே சக்கரவர்த்தி ஜீப்பில் ஏறினார்.

“நல்லவேளை, நான் வந்து கேட்டேன். இல்லாட்டி இந்த மலைக்கும் அந்தம்மாதான் ஐ.ஜி. தப்பிச்சீங்க போங்க!”

விசில் நின்றுபோனது.

“இந்த மலைக்குமா?” என்றாள் சாந்தம்மாள்.

“பின்னே? வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாமே வடக்கு மண்டலம்தானே!”

“அப்ப... பெரிய வேலை குடுத்தா மெட்ராசோட போயிற மாட்டாங்களா?”

“ஆபீஸ் வேற ஊர்ல இருக்கும். ஆனா மலை அவங்க பொறுப்புதான். எப்ப வேணா ஏறி வரலாம்.”

“அடிப் பாவி, கெடுத்தோமே காரியத்த!” சாந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து ஜீப்பை மறித்தாள். “ஐயா, எழுதிறாதீங்க! எறங்குங்க!”

சக்கரவர்த்தி முழித்தார்.

“முன்ன ஒரு நல்ல டாக்டரு வந்தாருங்க. மேலேர்ந்து ஆபீசருங்க வந்து எப்பிடின்னு கேட்டாங்க. தங்கமான மனுசன்னோம். மறு மாசமே டவுனுக்குத் தூக்கினு போய்ட்டாங்க. அப்பறம் ஒரு வாத்தியாரு. அவரையும் மெச்சி மெச்சியே தொலைச்சோம். அதான், நீங்க வர்றீங்கன்னு சேதி வந்ததும், அந்தம்மாவ ஒருத்தரும் மெச்சக் கூடாதுன்னு நேத்து ஊரே கூடிக் கட்டுப்பாடு போட்டோங்க.”

“அப்போ சொன்னதெல்லாம் பொய்யா?”

“சாமி சத்தியமா இல்லீங்க! அத்தினியும் நடந்தது. பாதியோட நிறுத்திக்கினோம், அவ்ளோதான். எம் பொண்ணு இப்ப திருப்பத்தூர்ல நர்சுக்குப் படிக்குது!”

“எனக்கும் நாற்காலி பழகிட்டுதுங்க” என்றார் சின்னக்குழந்தை.

சக்கரவர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய இத்தனை வருஷ சர்வீசில் இப்படியொரு நற்சான்றிதழைப் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேடியப்பன் பக்கம் திரும்பினார்.

“உங்க கதையில மீதிப் பாதி என்ன?”

வேடியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

“அது திருட்டுத்தனமா செம்மரம் வெட்டற வேலைங்க. அதே புரோக்கரு, அதுக்கு முன்னாடி போன பஸ்ஸுலயும் ஆளுங்கள ஏத்தி அனுப்பிட்டானுங்க. அந்தம்மாவுக்குச் சேதி வர்றதுக்குள்ள அந்த பஸ்ஸு போய்ட்டுது. அதுல போனவங்க ஒருத்தரும் இன்னும் வூடு திரும்பல.”

வேடியப்பன் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, இடுப்பில் குழந்தையோடு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

“டேய் மகனே, ஐயாவுக்கு இன்னும் ரெண்டு சொளை குடுடா.”