தாத்தாவின் விரல்

"அந்தப் பெட்டி வேண்டாம் ரோசி. எங்கேயாவது கொண்டு போய்ப் புதைச்சுடு."

அம்மா வால்புர்கா மாவுக் கையோடு கதவருகே நின்றாள்.

"அப்பா கையால அடைச்ச தோட்டாம்மா. புதைக்கிறதாவது?" ரோஸ்வித்தா துப்பாக்கி அலமாரியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்தாள். அலமாரிச் சாவி அப்பாவின் சாவுக்குப் பிறகுதான் அவள் கைக்கு வந்திருந்தது.

"உங்க தாத்தா விட மாட்டார்."

"ஊர்தான் பேசுதுன்னா, நீயுமா?"

துப்பாக்கி, எப்போதோ இறந்துபோன தாத்தாவுடையது. அந்த அளவுத் தோட்டா கடைகளில் கிடைத்த காலம் மலையேறிவிட்டது. பழைய பித்தளைக் கூட்டின் அடியில், ஊசி குத்தினால் பொறி கிளப்பும் புது 'கேப்'பைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து வீட்டிலேயே அடைக்க வேண்டும். அப்பா ஒட்மார் அதில் கைதேர்ந்தவர்.

அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் மாலை காட்டிலிருந்து முகம் வெளுத்துத் திரும்பினார். "விசையை இழுத்தேன். எங்கப்பா நடுவுல விரலை வச்சுட்டார்" என்றார். துப்பாக்கியையும் பெட்டியையும் உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு பல வருஷம் இருந்தார். ஒருமுறைகூடச் சுடவில்லை.

பேய்க்குப் பயந்த வேட்டைக்காரன் என்று மதுக்கடையில் சிரித்தார்கள். அவரை அடக்கம் செய்த அன்றும் சிரித்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குழு கூடும்போது, அப்பாவின் தோட்டாவை அதே துப்பாக்கியில் போட்டுச் சுட்டு, அந்த வாய்களை அடைப்பது என்று ரோஸ்வித்தா தீர்மானித்திருந்தாள்.

அதற்கு முன் ஒரு ஒத்திகை. கைவிடப்பட்ட கல்குவாரிக்குக் கணவன் கிலியானும் கூட வந்தான். மூடுபனி குவாரியின் விளிம்புவரை இறங்கியிருந்தது.

"அடுத்தவங்க அடைச்ச தோட்டாவைப் பிரிச்சுப் பார்க்காம சுடக் கூடாது. உரிமப் பரீட்சையில நீயே எழுதினதுதானே?"

"அப்பா எனக்கு அடுத்தவரா?"

"செத்துப் போயிட்டா எல்லாரும் அடுத்தவங்கதான்."

"நீ வாயை மூடிக்கிட்டுக் காதைப் பொத்து."

மண்மேட்டைக் குறி பார்த்து விசையை இழுத்தாள்.

'டிக்.'

சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். குழலைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் தோட்டாவை வெளியே எடுத்தாள். கேப்பில் ஊசி ஆழமாகவே குத்தியிருந்தது.

"ஊசி, வில்லு எல்லாம் சரியா இருக்குன்னு துப்பாக்கிக் கொல்லர் பார்த்துச் சொன்னாரே?" என்றான் கிலியான்.

"பேசாம இரு."

இரண்டாவது தோட்டா. 'டிக்.'

குளிரில் இரும்பு விரலில் ஒட்டியது. ஆனால் துப்பாக்கிக் கட்டை மட்டும், யாரோ இப்போதுதான் கன்னம் வைத்து எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதைச் சட்டென்று முகத்திலிருந்து விலக்கினாள்.

"போதும் ரோசி. வீட்டுக்குப் போயிடலாம்." கிலியானின் குரலில் கேலி இல்லை.

வீட்டில் அப்பாவின் மேஜையில், குண்டு பிடுங்கும் சுத்தியலில் ஒரு தோட்டாவைப் பொருத்தித் தட்டினாள். குண்டு கழன்றது. பின்னாலேயே கருஞ்சாம்பல் நிறத்தில் மணிமணியாகக் கொட்டியது. மருந்து மாதிரிதான் இருந்தது. ஆனால் மருந்து வாசனை இல்லை. ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினாள்.

கசகசா. அம்மா ரொட்டியில் தூவும் கறுப்புக் கசகசா.

இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் கசகசா. அடியில் கேப்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"அம்மா! அப்பாவுக்குக் கிட்டத்துல இருக்கிறது சரியாத் தெரியாமப் போனதுக்கப்புறம் மருந்து நிறுத்துப் போட்டது நீதானே?"

"நான்தான்."

"ஊரே அவரைப் பார்த்துச் சிரிச்சுது. நீ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தே. துப்பாக்கின்னா உனக்கு ஆகாது, தெரியும். அதுக்காகக் கட்டின புருஷனையே பைத்தியக்காரன் ஆக்குவியா?"

வால்புர்கா பிரித்துக் கிடந்த கூட்டை எடுத்துப் பார்த்தாள்.

"மருந்து இல்லாம கேப்பு மட்டும் வெடிச்சிருந்தா? குண்டு குழல் நடுவுல சிக்கி, அடுத்த தோட்டாவில துப்பாக்கியே அவர் முகத்துல வெடிச்சிருக்கும்!"

"தெரியும். அவர் சொல்லிக் குடுத்ததுதான். அதனாலதான் கேப்பையெல்லாம் தையல் மிஷின் எண்ணெயில ஊற வச்சேன்."

"ஏம்மா இதெல்லாம்?"

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உன் தம்பி வெய்ட், மீன் குளத்துல உறைஞ்ச பனி உடைஞ்சு மூழ்கிப் போனானே, அந்த வருஷம்." தம்பியின் பெயர் அந்த வீட்டில் காதில் விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "உங்கப்பா வேட்டை நாயைக் கூட்டிக்கிட்டுப் போய் அவர் சிநேகிதன் என்ஜல்பெர்ட் வீட்டுல விட்டுட்டு வந்தார். இனிமே நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டார். வந்த கையோட, தோட்டா அடைக்கணும் வான்னு என்னைக் கூப்பிட்டார்."

"நாய் இல்லாம யாரும் வேட்டைக்குப் போக மாட்டாங்களே அத்தை" என்றான் கிலியான். "அடிபட்ட மான் எங்கே விழுந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அவர் மானுக்குப் போகலைப்பா. திரும்பி வர்ற எண்ணத்தோடயே போகலை."

மேஜை மேல் சிதறியிருந்த கசகசாவை ரோஸ்வித்தா ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். எங்கப்பா தடுத்துட்டார்னு என் மடியில விழுந்து அழுதார். நானும் ஆமாம்னு சொல்லிட்டேன். மறுநாள் விடிஞ்சதும் போய் நாயைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துட்டார்டி."